அறியவொண்ணாமை என்னும் அரண்

ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பும் செய்தி ஓர் அமானிதம். அதனைச் சுமந்து செல்வது புறாவாயினும், அஞ்சற்காரராயினும், கடலடியிற் கிடக்கும் கம்பியாயினும், அனுப்பியவர் உள்ளத்தில் இரண்டு கவலைகள் எக்காலத்தும் இருந்து வந்திருக்கின்றன. செய்தி சிதையாமற் போய்ச் சேருமா என்பது ஒன்று. வழியில் வேறெவரேனும் படித்துவிடுவரோ என்பது மற்றொன்று. வளைகுடா நாட்டிலிருந்து கணவன் மனைவிக்கு விடுக்கும் மடல் முதல் வங்கிக்குச் செல்லும் பண உத்தரவு வரை யாவும் இவ்விரு கவலைகளுக்கும் உட்பட்டவையே.

இவ்விரண்டிற்கும் இயற்கையே விதித்திருக்கும் எல்லை யாது? இக்கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அறிஞர்கள் விடைகாணத் தொடங்கினர். குவாண்டம் இயலும் செய்தி இயலும் கைகோத்த அந்த வரலாற்றில் சென்னையில் பயின்றவர்களுக்கும் பெங்களூர் நகரில் நடந்த ஒரு மாநாட்டிற்கும் சிறப்பான இடம் உண்டு. நம்மவருள் பலர் அறியாத அவ்வரலாற்றை இங்கே சுருங்க எடுத்துரைக்க முனைகின்றோம்.

பூட்டும் திறவுகோலும்

கூஃபாவிற் பிறந்து பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் அல்கிந்தீ, கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், மறைமொழியை அவிழ்க்கும் கலை பற்றி ஒரு நூல் யாத்தார். ஒரு மொழியில் எந்த எழுத்து எத்தனை முறை பயின்று வருகின்றது என்று எண்ணிப் பார்த்தால், எழுத்துகளை மாற்றி எழுதிய இரகசிய மடலையும் படித்துவிடலாம் என்று அவர் காட்டினார். இஸ்தான்பூல் சுவடிகளிடையே உறங்கிக் கிடந்த அந்நூல் 1980களில் வெளியுலகிற்கு வந்தபோது, மறைமொழி அவிழ்ப்பியலின் தொடக்கம் எங்கே என்பது உலகிற்குத் தெளிவாயிற்று.

அல்கிந்தீ கற்பித்த பாடம் எளிது. மனித மதி செய்த பூட்டை மனித மதியே திறக்கும். அவருக்குப் பின் வந்த பதினொரு நூற்றாண்டுகளும் பூட்டுச் செய்வோருக்கும் திறப்போருக்கும் இடையே நடந்த ஓயாத போட்டியே ஆகும். இன்று நம் வங்கிக் கணக்கையும் கைப்பேசிச் செய்தியையும் காத்து நிற்கும் பூட்டுகளுட் பல, மிகப்பெரிய எண்ணைக் காரணிகளாகப் பிரிப்பது கடினம் என்பது போன்ற கணக்கின் கடினத்தை நம்பியவை. 1977இல் உருவான இம்முறையைக் குவாண்டம் கணினி ஒன்று உருவானால் எளிதிற் குலைத்துவிடலாம் என்று 1994இல் பீட்டர் ஷோர் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் நிறுவினார். அத்தகைய பெரிய கணினி இன்னும் கட்டப்படவில்லை. ஆயினும் இன்று செல்லும் செய்தியைப் பதிந்து வைத்துக்கொண்டு, கணினி வந்த பின் திறந்து படிப்பாரைத் தடுக்க வழியில்லை. ஒருவருடைய மருத்துவக் குறிப்பும் குடும்ப வழக்கும் முப்பதாண்டு கழித்தும் இரகசியமாகவே இருக்கவேண்டியவை அல்லவா?

ஆகவே, திறப்பவனுடைய அறிவுக்கோ அவன் கருவியின் வலிமைக்கோ அஞ்சாத பூட்டு ஒன்று உண்டா என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடை, எதை எவராலும் பிரித்தறிய இயலாது என்ற ஆராய்ச்சியிலிருந்து வந்தது.

புள்ளியில்லா எழுத்து

பிரித்தறிய இயலாமை என்றால் என்ன என்பதை அரபும் தமிழும் கற்றோர்க்கு விளக்குவது எளிது. தொடக்ககால அரபு எழுத்தில் புள்ளிகள் இடும் வழக்கம் அரிது. ‘பா’, ‘தா’, ‘ஸா’ என்னும் மூன்று எழுத்துகளும் ஒரே வடிவில் நின்றன. அபுல் அஸ்வத் அத்துஅலீ, நஸ்ர் இப்னு ஆஸிம் போன்றோர் புள்ளியிட்டு ஐயம் களைந்தனர் என்பது மரபு. நம் ஓலைச்சுவடிகளிலும் இந்நிலையே. புள்ளியிடாது எழுதியமையால் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் மயங்கின. ரகரமும் காற்குறியும் ஒன்றுபோல் நின்றன. வீரமாமுனிவர் செய்த எழுத்துத் திருத்தத்தை நாம் அறிவோம். அறபுத்தமிழ் எழுதிய நம் முன்னோரும், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளின்மேற் கூடுதற் புள்ளிகள் இட்டனர். பிரித்தறியும் தேவையே அப்புள்ளிகளைப் பிறப்பித்தது.

இங்கே ஒன்றைக் கருதவேண்டும். சுவடியில் நேரும் மயக்கம் எழுதியவர் கைக்குறை. புள்ளி இட்டால் மயக்கம் நீங்கும். குவாண்டம் உலகில் நேரும் மயக்கமோ அத்தகையதன்று. அங்கே இரண்டு நிலைகள் முற்றிலும் வேறுபட்டனவாக அமையாவிடின், அவற்றுள் எது வந்தது என்பதை எந்தக் கருவியாலும் ஐயமறக் கூற இயலாது. புள்ளியிட்டுத் திருத்தவும் வழியில்லை.

ஒளியை எடுத்துக்கொள்வோம். ஒளி என்பது ‘போட்டான்’ எனப்படும் ஒளித்துகள்களாக வருகின்றது. ஒவ்வொரு துகளுக்கும் அதிர்வுத்திசை ஒன்று உண்டு. அத்திசை நெட்டாகவோ, கிடையாகவோ, சாய்வாகவோ அமையலாம். நெட்டையும் கிடையையும் ஐயமின்றிப் பிரித்தறியலாம். ஆனால் நெட்டாக அதிரும் துகள், 45 பாகை சாய்ந்து அதிரும் துகள் ஆகிய இரண்டனுள் ஒன்று வந்தால், வந்தது எது என்று எப்போதும் சரியாகச் சொல்ல ஒருவராலும் இயலாது.

ஐயத்திற்கும் அளவு உண்டு

‘சரியாகச் சொல்ல இயலாது’ என்பதோடு அறிஞர்கள் நின்றுவிடவில்லை. எந்த அளவிற்குச் சொல்ல இயலும் என்று கணக்கிட்டனர். அமெரிக்கரான கார்ல் ஹெல்ஸ்ட்ரம் 1960களின் இறுதியில் இதற்கான கணிதத்தை வகுத்தார். 1976இல் நூலாகவும் வெளியிட்டார். மேலே சொன்ன இரண்டு திசைகளும் சமமாக வரக்கூடியவை எனில், மிகச் சிறந்த கருவியைக் கையாள்பவரும் 100க்கு ஏறத்தாழ 85 முறையே சரியாகச் சொல்வார். எஞ்சிய 15 முறை தவறுவார். எதிர்காலத்தில் எத்தகைய கருவி வந்தாலும் இவ்வெண் உயராது.

நம் நீலகிரி மாவட்டத்திலேயே உதகைக்கு அருகில் 1970 முதல் இயங்கிவரும் வானொலித் தொலைநோக்கியை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடைய அதனைப் பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் மலைச்சரிவிலேயே அமைத்தனர். தொலைதூர விண்பொருள்களிலிருந்து வரும் மெல்லிய அலையை இரைச்சலிலிருந்து அது பிரித்தெடுக்கின்றது. குறிப்பலை மெலிந்தால் நெடுநேரம் செவிசாய்க்கலாம். மீண்டும் மீண்டும் கேட்டுச் சராசரி காணலாம். விண்மீன் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருப்பதால் இது இயலும். நாம் வாழும் சேரம்பாடியில் மூடுபனி நாட்களில் தேயிலைத் தொழிற்சாலைச் சங்கொலி எத்திசையிலிருந்து வருகின்றது என்பதை இரண்டாம் முறை கேட்டுத் தெளிவதும் இதே முறைதான்.

ஒற்றை ஒளித்துகளுக்கு இரண்டாம் முறை என்பது இல்லை. ஒரு முறை அளந்தால் அதன் நிலை மாறிவிடும். அளப்பதற்கு முன் படியெடுத்து வைத்துக்கொள்ளலாமே எனின், அதுவும் இயலாது. அறியப்படாத குவாண்டம் நிலையைப் பிழையின்றிப் படியெடுக்கும் பொறி எதுவும் இருக்க முடியாது என்று 1982இல் வூட்டர்ஸும் ஸூரெக்கும் சேர்ந்தும், டீக்ஸ் தனித்தும் நிறுவினர். சில வரிகளில் முடிந்துவிடும் அந்நிறுவல் பின்னர் ஒரு பெருந்துறைக்கு அடித்தளமாயிற்று.

வாய்க்காலின் இலக்கணம்

இனிச் செய்தி செல்லும் வழியைக் காண்போம். ஆங்கிலத்தில் ‘சேனல்’ என்பதை நாம் வாய்க்கால் என்றே வழங்குவோம். ஆற்றில் விட்ட நீர் வயலுக்கு வரும்போது வழியிற் கசியும், மண்ணும் கலக்கும். அதுபோலக் குவாண்டம் நிலை ஒன்று கண்ணாடி இழை வழியாகவோ காற்று வழியாகவோ செல்லும்போது மாற்றம் அடைகின்றது. புகுந்த நிலையைப் புறப்படும் நிலையாக மாற்றும் அந்த விதிதான் குவாண்டம் வாய்க்கால்.

இவ்விதி எவ்வடிவில் அமையலாம் என்பதை முதன்முதல் வகுத்துரைத்த ஆய்வுகளுள் ஒன்று 1961இல் ‘பிசிகல் ரெவியூ’ இதழில் வெளிவந்தது. அதனை எழுதியவர்கள் இ.சி.ஜி. சுதர்சன், பி.எம். மாத்யூஸ், ஜெயசீதா ராவ் ஆகிய மூவர். சுதர்சன் கோட்டயம் அருகே 1931இற் பிறந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். மாத்யூஸ் பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கோட்பாட்டு இயற்பியல் துறையில் பேராசிரியராக விளங்கியவர். வெங்கடேசனுடன் அவர் எழுதி 1976இல் வெளிவந்த குவாண்டம் இயக்கவியல் பாடநூலைப் பயிலாத இயற்பியல் மாணவர் நம் நாட்டில் அரியர்.

அம்மூவரும் செய்தது என்ன? புறச்சூழலோடு கலந்து மாறும் ஒரு குவாண்டம் நிலையின் மாற்றத்தை ஓர் அணியாக எழுதி, அவ்வணிக்கு இருக்கவேண்டிய பண்புகளை வரையறுத்தனர். 1971இல் ஜெர்மானியரான கிரவுஸும் 1975இல் கணித அறிஞர் சோயும் அதே பொருளை வேறு வழிகளில் விரித்துக் காட்டியபின், 1961ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆழம் விளங்கிற்று. காலப்போக்கில் தொடர்ந்து நிகழும் மாற்றத்திற்கான சமன்பாட்டை 1976இல் கொரினி, கோசகோவ்ஸ்கி ஆகியோருடன் சேர்ந்து சுதர்சனும், தனியாக லிண்ட்பிளாடும் கண்டனர். இன்று உலகில் எங்கே குவாண்டம் கருவி கட்டினாலும் அதன் கசிவையும் சிதைவையும் கணக்கிட அச்சமன்பாடு துணைநிற்கின்றது.

அல்லாடி இராமகிருஷ்ணன் 1962இல் சென்னையில் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனத்திற்குச் சுதர்சன் 1980களில் ஐந்து ஆண்டுகள் இயக்குநராக இருந்தார். அங்கே இத்துறை வேரூன்றியது. அந்நிறுவனத்தின் பேராசிரியர் ஆர். சைமன், பின்னிப் பிணைந்த ஒளிக்கற்றைகளை அடையாளங்காணும் ஓர் உரைகல்லை 2000இல் வெளியிட்டார். அது அவர் பெயராலேயே வழங்குகின்றது. சாலமன் ஐவன், கிருஷ்ணகுமார் சபாபதி ஆகியோருடன் அவர் 2011இல் வெளியிட்ட கட்டுரை ஒளி செல்லும் குவாண்டம் வாய்க்கால்களின் உள்ளமைப்பையே விரித்துரைப்பது. வாய்க்காலின் இலக்கணத்தில் சென்னையின் கை இவ்வாறு தொடர்ந்து வந்திருக்கின்றது.

எவ்வளவு சுமக்கும்?

வாய்க்கால் எவ்வளவு செய்தியைச் சுமக்கும் என்பதற்குரிய கணிதத்தை 1948இல் கிளாட் ஷானன் அமைத்தார். ஆம், இல்லை என்னும் ஒரு விடைக்கு ‘பிட்’ என்ற அளவு நிலைத்தது. இரைச்சல் மிக்க வழியாயினும், அதற்குரிய கொள்ளளவுக்கு உட்பட்டு அனுப்பினால் பிழையை வேண்டிய அளவு குறைக்கலாம். அதனை மீறினால் இயலாது என்பது அவர் கண்ட உண்மை.

குவாண்டம் துகளில் எவ்வளவு ஏற்றலாம்? ஒளித்துகளின் அதிர்வுத்திசை எண்ணற்ற கோணங்களில் அமையலாம் அல்லவா? ஒவ்வொரு கோணத்திற்கும் ஒரு சொல்லை வைத்தால், ஒரே துகளில் ஒரு நூலகத்தையே அனுப்பிவிடலாமே என்று தோன்றும். மாஸ்கோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஹோலெவோ 1973இல் இந்த ஆசைக்கு முற்றுப்புள்ளி வைத்தார். எண்ணற்ற நிலைகளை ஏற்றலாம். ஆனால் பெறுபவரால் அவற்றைப் பிரித்தறிய இயலாது. ஆகவே இருநிலைத் துகள் ஒன்றிலிருந்து ஒரு பிட்டுக்கு மேல் எடுக்க முடியாது. ஏற்றும் இடத்தில் எல்லை இல்லை. இறக்கும் இடத்திலேயே எல்லை இருக்கின்றது.

பின்வந்தோர் இதில் வியப்புகள் பலவற்றைக் கண்டனர். அனுப்புபவரும் பெறுபவரும் பின்னிப் பிணைந்த இரு துகள்களை முன்னரே பங்கிட்டுக்கொண்டிருந்தால், ஒரு துகளை அனுப்பியே இரண்டு பிட் அறிவிக்கலாம் என்று 1992இல் பென்னட்டும் வீஸ்னரும் காட்டினர். தனித்தனியே குவாண்டம் நிலை எதனையும் சுமக்கவியலாத இருவகை வாய்க்கால்களை ஒருசேரப் பயன்படுத்தினால் சுமக்கும் என்று 2008இல் ஸ்மித்தும் யார்டும் நிறுவினர். வறண்ட இரு கால்வாய்கள் சேர்ந்தவுடன் நீர் பாய்வது போன்ற இந்நிகழ்ச்சிக்குப் பழைய செய்தியியலில் ஒப்புமை இல்லை.

பெங்களூர், 1984

இனி வரலாற்றின் நடுப்பகுதிக்கு வருவோம். எல்லை என்பது இழப்பு என்றே பலரும் எண்ணியிருந்தனர். அதனை வரமாகக் கண்டவர் ஸ்டீபன் வீஸ்னர். 1970 அளவில் இளைஞராக இருந்த அவர், பிரித்தறிய இயலாத நிலைகளைக் கொண்டு எவராலும் போலி செய்யவியலாத பணத்தாள் செய்யலாம் என்று எழுதினார். அக்கட்டுரை 1983இற்றான் அச்சேறிற்று. அவருடைய நண்பர் சார்லஸ் பென்னட் அக்கருத்தைக் கைவிடவில்லை. 1979இல் போர்ட்டோ ரிக்கோத் தீவில் நடந்த மாநாட்டின்போது, கடலில் நீந்திக்கொண்டிருந்த கனடா நாட்டுக் கில்ஸ் பிரஸ்ஸாரை நோக்கி நீந்திச் சென்று அதைப்பற்றிப் பேசத் தொடங்கினாராம். முன்பின் அறியாத அவ்விருவரின் நட்பு அங்ஙனம் தொடங்கிற்று.

அவர்கள் வகுத்த முறை 1984ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பெங்களூரில் நடந்த கணினி, அமைப்பு, குறிப்பலை பற்றிய பன்னாட்டு மாநாட்டில் அரங்கேறியது. மாநாட்டுத் தொகுப்பில் ஐந்தே பக்கங்கள் கொண்ட கட்டுரை. உலகெங்கும் இன்று குவாண்டம் மறைமொழி பற்றி எழுதுவோர் அனைவரும் அந்த ஐந்து பக்கங்களிலிருந்தே தொடங்குகின்றனர்.

முறை இதுதான். அனுப்புபவர் ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக அனுப்புகின்றார். ஒவ்வொன்றையும் நெட்டு-கிடை என்னும் இணையிலோ, இடச்சாய்வு-வலச்சாய்வு என்னும் இணையிலோ, தம் மனம்போல மாற்றி மாற்றி அமைக்கின்றார். பெறுபவரும் தம் மனம்போல இரண்டு இணைகளுள் ஒன்றைத் தேர்ந்து அளக்கின்றார். பின்னர் இருவரும் எந்த இணையைப் பயன்படுத்தினர் என்பதை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிக்கொள்கின்றனர். இணை ஒத்துப்போனவற்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் தள்ளிவிடுகின்றனர். எஞ்சிய ஆம்-இல்லை வரிசையே இருவருக்கும் பொதுவான திறவுகோல். அதனைக் கொண்டு செய்தியைப் பூட்டினால், ஒரு முறை மட்டுமே பயன்படுத்தும் திறவுகோலால் பூட்டிய செய்தியைக் கணக்கால் உடைக்க இயலாது என்று ஷானன் 1949இலேயே காட்டியிருந்தார்.

இடையில் திருடன் ஒருவன் துகளைப் பிடித்துப் பார்த்தால் என்னாகும்? எந்த இணையில் அளப்பது என்று அவனுக்குத் தெரியாது. பாதி நேரம் தவறான இணையில் அளப்பான். அளந்தவுடன் நிலை மாறிவிடும். படியெடுத்து வைத்துக்கொள்ளவும் வழியில்லை. அவன் தொட்ட துகள்களுள், இணை ஒத்துப்போனவற்றில் நான்கில் ஒன்று பிழைபடும். அனுப்பியவரும் பெற்றவரும் 20 விடைகளை எடுத்து ஒப்பிட்டால், துகள் ஒவ்வொன்றையும் தொட்ட திருடன் அகப்படாமல் தப்புவது 1000க்கு மூன்று முறையே. 100 விடைகளை ஒப்பிட்டால் அவன் தப்புவதை நினைத்துப் பார்க்கவும் வேண்டா.

அல்கிந்தீ திறந்து காட்டிய பூட்டுகள் மனிதர் மறைத்து வைத்தவை. இங்கே மறைப்பவர் எவருமில்லை. முறை முழுவதும் அச்சில் இருக்கின்றது, திருடனும் படிக்கலாம். அறியவொண்ணாமையே இங்கு அரணாக நிற்கின்றது.

கருவியோ மனிதர் செய்தது. அதன் குறை தனி. 1989இல் பென்னட் குழுவினர் முதன்முதலாக இம்முறையைச் செய்துகாட்டியபோது ஒளி சென்ற தொலைவு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர்தான். அப்பெட்டியின் மின்கருவி திசைக்கேற்ப வெவ்வேறு ஓசை எழுப்பியதாம். காது கேளாத திருடனிடமிருந்து மட்டுமே தங்கள் கருவி காக்கும் என்று பிரஸ்ஸாரே பின்னாளில் நகைச்சுவையாகக் கூறினார். 2010இல் வேறு சில ஆய்வாளர்கள், விற்பனைக்கு வந்த இத்தகைய கருவிகளின் ஒளியுணரிகளை வலிய ஒளி பாய்ச்சிக் குருடாக்கித் திறவுகோலைக் கவர்ந்து காட்டினர். விதி பொய்க்கவில்லை, விதியைக் கருவி முற்றாகப் பின்பற்றவில்லை என்பதே அதன் பொருள்.

இரு வாய்க்கால்களைப் பிரித்தறிதல்

மேலே சொன்ன காவலை உற்றுநோக்கினால் ஒரு கடினமான கேள்வி அதனுள் மறைந்திருப்பது புலனாகும். திருடன் இல்லாவிடினும் கண்ணாடி இழையிற் பிழை நேரும். அப்படியானால், கண்ட பிழை வாய்க்காலின் இயல்பான கசிவா, வழியில் ஒருவன் மடை திறந்ததன் விளைவா? நேர்மையான வாய்க்கால், களவாடப்பட்ட வாய்க்கால் என்னும் இரண்டனுள் நம் முன் இருப்பது எது? இதுவே வாய்க்கால்களைப் பிரித்தறியும் சிக்கல்.

நிலைகளைப் பிரித்தறிவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. வாய்க்காலைச் சோதிப்பவர் எதனை உள்ளே விடுவது என்பதைத் தாமே தேரலாம்; பலமுறை விட்டுப் பார்க்கலாம்; முதல் விடையைக் கண்டு அடுத்த சோதனையை மாற்றலாம். அதனினும் வியப்பு, துகளோடு பிணைந்த இணைத்துகள் ஒன்றை வெளியே வைத்துக்கொள்ளலாம் என்பது. ஒரு பெட்டி தன்னுட் புகும் துகளின்மேல் குறிப்பிட்ட நான்கு வினைகளுள் ஏதோ ஒன்றைச் செய்கின்றது என்க. ஒற்றைத் துகளை விட்டுப் பார்ப்பவர், வினை யாது என்று பாதி முறைக்கு மேல் சரியாகச் சொல்ல இயலாது. பிணைந்த இணையை வெளியே நிறுத்தி ஒன்றை மட்டும் விடுபவரோ ஒவ்வொரு முறையும் சரியாகச் சொல்வார். பெட்டிக்குள் ஒருபோதும் செல்லாத துகள் பெட்டியின் இரகசியத்தைத் தெளிவிக்கத் துணைபுரிகின்றது. வெளியே நிற்கும் இத்துணையையும் கணக்கிற் கொண்டு இரு வாய்க்கால்களுக்கு இடையிலுள்ள தொலைவை அளக்கும் அளவுகோலை 1997இல் ருஷ்ய அறிஞர் கித்தாயெவ் அமைத்தார்.

கசிவே இல்லாத இரு வினைகளாயின், அவை எத்துணை நெருங்கியவையாயினும், வேண்டிய முறை சோதித்தால் ஐயமறப் பிரித்துவிடலாம் என்று 2001இல் அசின் என்னும் அறிஞர் நிறுவினார். கசிவுள்ள வாய்க்கால்களுக்கு அந்த உறுதி பொதுவாக இல்லை. எத்துணைத் திறமையாகச் சோதனையை மாற்றி மாற்றி அமைத்தாலும், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான சோதனைகளில் பிழை இவ்வளவிற்குக் கீழே இறங்காது என்னும் அடித்தளத்தை பிராண்டோலா, லவுரென்ஸா, லூப்போ, பெரெய்ரா ஆகியோர் 2019இற் கணக்கிட்டுக் கொடுத்தனர்.

அப்படியானால் நம் காவல் என்னாவது? இங்கே அறிஞர்கள் ஓர் எச்சரிக்கையான நெறியை மேற்கொண்டனர். கசிவா களவா என்று அறிய முடியாத இடத்தில், கண்ட பிழை அனைத்தையும் களவு என்றே கொள்ளவேண்டும். அத்திருடன் இயற்கை அனுமதிக்கும் மிகச் சிறந்த கருவிகளை உடையவன் என்றும் கொள்ளவேண்டும். அவ்வாறு கொண்டும், பிழை நூற்றுக்குப் பதினொன்று என்ற அளவுக்குட்பட்டிருந்தால் இரகசியத் திறவுகோலை வடித்தெடுக்கலாம் என்று 2000இல் ஷோரும் பிரெஸ்கில்லும் காட்டினர். அவ்வளவைத் தாண்டினால், அவர்கள் ஆராய்ந்த அம்முறையில், திறவுகோலை எறிந்துவிட்டு மீண்டும் தொடங்கவேண்டும். பிறர் பொருளைக் காப்பவர் ஐயத்தின் பயனைத் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாகாது என்பது நம் வணிகரும் அறிந்த நெறிதானே!

தொலைவின் வரி

கடைசியாக ஓர் எல்லையைச் சொல்லவேண்டும். இன்று பரவலாக வழங்கும் கண்ணாடி இழையில் 50 கிலோமீட்டர் சென்றால் பத்தில் ஒரு துகளே எஞ்சும். 100 கிலோமீட்டரில் நூற்றில் ஒன்று. சேரம்பாடிக்கும் சென்னைக்கும் இடையே 500 கிலோமீட்டர் இழை இருப்பதாகக் கொண்டால் ஆயிரங்கோடித் துகள்களில் ஒன்றே வந்துசேரும். விநாடிக்கு ஆயிரங்கோடி அனுப்பினாலும் பெறுவது விநாடிக்கு ஒன்று. 1000 கிலோமீட்டராயின், ஒரு துகள் வந்துசேர 300 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கவேண்டும்.

சாதாரணத் தொலைபேசிக் கம்பியில் இடையிடையே பெருக்கிகள் வைத்து இக்குறையைத் தீர்க்கின்றனர். பெருக்குவது என்றால் படியெடுப்பது. குவாண்டம் நிலையைப் படியெடுக்கலாகாது. திருடனைத் தடுத்த அதே விதி இங்கே நம்மையும் தடுக்கின்றது. இடைநிலையம் இல்லாத இழையில், எந்த உத்தியைக் கையாண்டாலும், அனுப்பும் ஒவ்வொரு முறைக்கும் கிட்டும் இரகசியம், பிழைத்து வரும் துகள்களின் பங்கைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கிற்கு மேற்படாது என்று 2017இல் பிராண்டோலா குழுவினர் நிறுவினர். இவ்வெல்லையைத் தாண்ட நடுவில் நிலையம் வேண்டும்; அல்லது வானத்திற்குச் செல்லவேண்டும். 2016இல் சீனம் ஏவிய ‘மீசியஸ்’ துணைக்கோள், அடுத்த ஆண்டு, 1200 கிலோமீட்டர் இடைவெளியில் பிணைந்த துகள்களைப் பகிர்ந்து காட்டியது. நடுவில் நிலையம் வைக்கும் முறையில் 2023இல் 1000 கிலோமீட்டர் இழையையும் சீன ஆய்வாளர் கடந்தனர்.

நம் நாடும் வாளாவிருக்கவில்லை. 2021இல் அகமதாபாத்தில் விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் 300 மீட்டர் வெட்டவெளியில் இம்முறையைச் செய்துகாட்டினர். 2022இல் பிரயாக்ராஜுக்கும் விந்தியாசலுக்கும் இடையே 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட இழையில் திறவுகோல் பகிரப்பட்டது. 2023 ஏப்ரலில் 6,003 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பில் தேசியக் குவாண்டம் திட்டத்திற்கு ஒன்றிய அமைச்சரவை இசைவளித்தது; 2,000 கிலோமீட்டர் இடைவெளியில் பாதுகாப்பான செய்தித் தொடர்பு அதன் குறிக்கோள்களுள் ஒன்று. அத்திட்டத்தின் செய்தித் தொடர்புக்கான மையமாக 2024இல் அமைந்தது சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகமே.

1961இல் வாய்க்காலின் இலக்கணத்தை எழுதியோருள் சென்னையிற் பயின்றவர் உண்டு. 1984இல் அறியாமையை அரணாக்கிய கட்டுரை அரங்கேறியது பெங்களூரில். ஆயினும், ‘குவாண்டம்’ என்ற சொல்லை இன்று நம் வீடுகளுக்குக் கொண்டுவருவோர், பெரும்பாலும் நோய்தீர்க்கும் வளையலும் அட்டையும் விற்போராகவே இருக்கின்றனர். எதுவும் கைகூடும் என்று கூறுவது அவர்கள் வாணிகம். உண்மையான குவாண்டம் இயலோ எது இயலாது என்பதை எண்ணால் அளந்து சொல்கின்றது. 85க்கு மேல் இல்லை, ஒரு பிட்டுக்கு மேல் இல்லை, பிழை பதினொன்றைத் தாண்டலாகாது என்று வரையறுத்துக் கூறுபவரிடமே நம் செய்தியை நம்பி ஒப்படைக்கலாம்.

அவ்வெண்களை விளங்கிக்கொள்ளப் பெருஞ்செல்வம் வேண்டா. பள்ளி மேல்வகுப்பில் கற்பிக்கும் நிகழ்தகவும் அணிக்கோவையும் நன்கு கைவந்தால் வாயில் திறந்துவிடும். சேரம்பாடி, பந்தலூர் வட்டாரங்களில் தேயிலை பறிக்கும் தாய்மார்களின் பிள்ளைகளுக்கும் அக்கணக்குகளைப் பள்ளிகளிற் கற்பிக்கின்றனர். அவற்றைத் தேர்வுக்கென்று மனனம் செய்வித்து விட்டுவிடாமல், அவை எங்கே கொண்டுசெல்லும் என்பதையும் சொல்லிக்கொடுப்பது ஆசிரியர்களாகிய நம் கடமை. கேட்டு ஊக்குவிப்பது பெற்றோர் கடமை.